காய்ந்த பனியன்

இருதயமேரிக்கு முதல் சந்தேகம் முட்டையில்தான் வந்தது.

பொன்மலை ரயில்வே குடியிருப்புக்கு வெளியே விறகுக் கடை வைத்திருந்த காளியாயி கடைக்குப் பின்னால் கோழியும் வளர்த்தாள். சவரிராயன் கொட்டகையில் பளு தூக்குகிறவர்கள் பயிற்சி முடிந்து திரும்பும்போது அவள் கடையில் நின்று பச்சை முட்டை உடைத்துக் குடித்துவிட்டுப் போவார்கள். இருதயமேரியின் கணவன் அமிர்தராஜும் அவர்களில் ஒருவன். அன்று காலை விறகு வாங்கப் போனபோது காளியாயி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு எடுத்து வெச்ச முட்டை நேத்தும் அப்படியே கிடக்கும்மா. ஒருநாள் வர்றாரு, மறுநாள் வர்றதில்ல. எடுத்து வைக்கவா வேணாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் இருதயமேரி. விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நேற்றுச் சாயங்காலம் அமிர்தராஜ் பையை மாட்டிக்கொண்டு, "கொட்டகைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் கிளம்பினான். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய காக்கிப் பையைத் திறந்து பார்த்தாள். பனியன் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. முகர்ந்தாள். சோப்பு வாசனை. கொட்டகைக்குப் போய்வந்த பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள்தானே துவைக்கிறாள், அவளுக்குத் தெரியாதா? துவைக்க விழுவது குறைந்ததைத்தான் இதுவரை கவனிக்கவில்லை.

அதன்பிறகு தினமும் பையைப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒருநாள் நனைந்த பனியன் இருக்கும், மறுநாள் காய்ந்த பனியன். காளியாயி சொன்னது சரிதான்.

கொட்டகை இருதயமேரியின் அண்ணன் சவரிராயனுடையது. பட்டாளத்திலிருந்து திரும்பி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர், குடியிருப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, பார்பெல், இரும்புத் தட்டுகள், பெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. கொட்டகைக்கு ஒரே சட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை நாள் தவிர எல்லா நாளும் வர வேண்டும். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுமுன் வீட்டில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தாக வேண்டும். யாராவது உடம்பு வலி என்றால், "சோறு திங்கறதுக்கு லீவு விடுறியா? அப்ப இதுக்கு மட்டும் எதுக்குடா லீவு?" என்பார்.

அந்தச் சட்டத்தை ஒருநாள்கூட மீறாத ஆள் என்றுதான் அமிர்தராஜுக்குத் தன் தங்கையைக் கொடுத்தார்.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அமிர்தராஜின் பலம் ஏறவே இல்லை. தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கும் பிரஸ்ஸில் நூற்றெழுபது ராத்தலில் வந்து நின்றவன் அங்கேயே நின்றான். போன வருஷம் டவுனில் நடந்த போட்டியில் அதையும் தூக்க முடியாமல் மூன்று தடவையும் கீழே போட்டுவிட்டு வந்தான். ராத்திரி தோள் வலியில் புரண்டு புரண்டு படுப்பான். இருதயமேரி நீலகிரித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். "இன்னும் சேர்த்துச் செய்யணும், அதான்" என்று அண்ணன் சொன்னார். சேர்த்துச் செய்தான். வலியும் சேர்ந்துகொண்டது.

இப்போது யோசித்துப் பார்த்தால், நாலைந்து மாதமாக அமிர்தராஜ் தைலம் கேட்கவே இல்லை. அவளும் வலி விட்டதென்று சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது அந்த நினைப்பு வேறு மாதிரி குத்தியது. வலி விட்டுவிட்டதா, வேறு யாரேனும் தேய்த்துவிடுகிறார்களா?

ஒருநாள் அவன் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் கிடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த டிக்கெட். பொன்மலையில் வேலை, பொன்மலையில் வீடு, பொன்மலையில் கோயில். ஸ்ரீரங்கத்தில் இவனுக்கு என்ன?

இன்னொரு நாள் சாப்பிட உட்கார்ந்தவனின் இடது கையைப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே வரிவரியாகக் கோரைப்பாயின் தடம் பதிந்திருந்தது. எங்கோ யாருடைய பாயிலோ படுத்து எழுந்து நேரே வந்திருக்கிறான்.

"இன்னிக்கு கொட்டகையில யார் யாரு வந்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

அமிர்தராஜ் சோற்றிலிருந்து தலை நிமிராமல், "எப்பவும் வர்றவங்கதான்" என்றான்.

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"அவருக்கென்ன."

இருதயமேரி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அது இலையைத் தாண்டித் தரையில் சிந்தியது.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பனியன், டிக்கெட், பாய்த் தடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. சவரிராயன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் மெதுவாக, "என்கிட்ட ஓவர்டைம்னு சொன்னான்" என்றார். "ஒருநாள் விட்டு ஒருநாள் ஓவர்டைமாம். நானும் அந்த ஒர்க்‌ஷாப்புலதானே இருக்கேன்? விசாரிச்சேன். அப்படி எதுவும் இல்லை."

"தெரிஞ்சும் ஏன்ணே கேக்கல?"

"கேட்டா அடுத்த பொய் சொல்லுவான். அது இல்லை மேரி விஷயம். பாதி நாள் வர்றதில்ல, ஆனா வர்ற அன்னிக்கு நூத்தி எண்பத்தஞ்சு தூக்குறான். ரெண்டு வருஷமா அசையாத கை. தினம் வர்றவனெல்லாம் அப்படியே நிக்கிறான். இவனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துது பலம்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிநாட்டுல ஊசி போட்டுக்கிட்டுத் தூக்குறதா பட்டாளத்துல பேசிக்குவாங்க. இல்லேன்னா ஸ்ரீரங்கத்துல ஒரு க்ளப் இருக்கு. அவங்க நம்ம ஆளை இழுத்துட்டாங்க. ரெண்டுல ஒண்ணு."

இருதயமேரி மூன்றாவது ஒன்றை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"ஆளை அனுப்பிப் பாக்குறேன்" என்றார் சவரிராயன்.

"யாரும் வேணாம். நானே போறேன்" என்றாள்.

அடுத்த காய்ந்த பனியன் நாளில் குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு, கணவனுக்கு முன்னாலேயே பஸ் ஏறினாள். மெயின்கார்டு கேட்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இறங்கி, வளையல் கடையோரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கினான். தோளில் காக்கிப் பை. யாரையும் பார்க்காமல், வேலைக்குத் தாமதமான ஆள் போல விறுவிறுவென்று நடந்தான்.

வீதிகளைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனான். அவள் தள்ளியே நடந்தாள். கோயில் மதில்கள் முடிந்து, தென்னந்தோப்புகள் தொடங்கி, கொள்ளிடத்துக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு தோப்பின் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனவன் படலைச் சாத்திவிட்டான்.

இருதயமேரி வேலி இடுக்கில் கண்ணை வைத்தாள். கீற்றுக் கொட்டகை ஒன்று தெரிந்தது. அதன் முன்னால் குடுமி வைத்த, நல்ல கட்டுமஸ்தான ஒருவர் பார்பெல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்ன க்ளப் இதுதானா? ஆனால் அமிர்தராஜ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தென்னை நிழலில் விரித்திருந்த பாயில் போய் அப்படியே சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் மடிசார் கட்டிய ஒரு பெண் வந்து, அவன் தலைமாட்டில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எந்திரிங்க."

அமிர்தராஜ் எழுந்திருக்கவில்லை. நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தான். பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கண் விழித்தவன் அவளைப் பார்த்து விழுந்தடித்து எழுந்து, படல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மேரி! மச்சானும் வந்திருக்காரா?"

"மச்சானைப் பத்தி அப்புறம் பேசலாம். இவங்க யாரு?"

பின்னால் வந்து நின்ற அந்தப் பெண்ணே பதில் சொன்னாள். "நான் ரெங்கநாயகி. அதோ தூக்கிண்டிருக்காரே, அவரோட ஆத்துக்காரி. நீங்க இவரோட சம்சாரமா? அப்பாடா, வந்தேளே. எனக்கு ரொம்ப நாளா கேக்கணும்னு. ஆத்துல ஏதாவது சண்டையா?"

"சண்டையா?"

"பின்னே? இவர் இங்க வந்து தூங்கறதைத் தவிர ஒண்ணும் பண்றதில்லை. மோர் கொடுத்தாக்கூட எழுந்தப்புறம்தான் குடிக்கறார். ஆம்படையாள் விரட்டிவிட்டுட்டாளோ, வியாதியோன்னு நான் எங்காத்துக்காரர்கிட்ட கேட்டுண்டே இருக்கேன். 'உனக்குப் புரியாது போ'ங்கறார்."

பார்பெல்லைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவர் ஸ்ரீரங்கராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். தபாலாபீசில் வேலை பார்ப்பவர். போன வருஷம் டவுன் போட்டியில் அமிர்தராஜ் தோற்றுத் திரைக்குப் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, போய்ப் பேச்சுக் கொடுத்தவர் அவர்தான்.

இருதயமேரி அவர்கள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. கணவனின் சட்டைக் கையைச் சுருட்டி, இரண்டு புஜங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடுற?"

"ஊசி குத்தின தடம்."

"ஊசியா? யாரு சொன்னா?"

"அப்ப சொல்லுங்க. தூங்கறதுக்கு யாராவது ரெண்டு பஸ் மாறி வருவாங்களா?"

அமிர்தராஜ் பாயிலேயே உட்கார்ந்தான். "வேற எங்க போறது மேரி? நம்ம வீட்டு வாசலத் தாண்டித்தான் எல்லாரும் கொட்டகைக்குப் போகணும். அந்த நேரத்துல நான் வீட்டுல படுத்திருந்தா மச்சான் என்ன செய்வாரு? பொன்மலையில எந்த மரத்தடியில படுத்தாலும் கொட்டகை ஆள் ஒருத்தன் பாத்துடுவான். உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அண்ணன்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா?"

இருதயமேரி பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்குப் படுக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஸ்ரீரங்கராஜன் சொன்னார். அவரும் முன்பு தினமும் காலையும் மாலையும் உடம்பைப் போட்டு முறித்தவர்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துவிட்டார். எழுந்த பிறகு பயந்துபோய் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும், அதுவும் கொஞ்சமாகச் செய்தார். வலி இல்லை, வளர்ச்சியும் இல்லை. அமிர்தராஜோடு பழக்கமான பிறகு இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்துக்கு இத்தனை தடவை, இத்தனை எடை என்று இருவருக்கும் ஒரே அளவு. சவரிராயன் கொட்டகையில் வாங்கும் வேலையைவிடக் குறைவு, ஆனால் தட்டு கனம். அதை அமிர்தராஜ் மூன்று நாளில் செய்து முடிப்பது, ஸ்ரீரங்கராஜன் ஆறு நாளாகப் பிரித்துத் தினமும் கொஞ்சம் செய்வது. யாருக்கு ஏறுகிறதென்று பார்ப்பது.

"யாருக்கு ஏறுச்சு?" என்றாள் இருதயமேரி.

"அதுதான் வேடிக்கை. ரெண்டு பேருக்கும் ஏறித்து. அநேகமா ஒரே மாதிரி" என்றார். "நாள் கணக்குல ஒண்ணும் இல்லைம்மா. வாரம் முழுக்கச் சேர்த்து எவ்வளவு, அதை உடம்பு தாங்கித் தேறறதா, அதான் விஷயம்னு தோண்றது. இவர் முன்னெல்லாம் உடம்பைத் தேற விடவே இல்லை."

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டவுடனே நம்பிவிட அவளுக்கு மனம் வரவில்லை. ரெங்கநாயகியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். ரெங்கநாயகியும் அவளைப் பார்த்து, "இதெல்லாம் நிஜம்தானான்னு எனக்கும் சந்தேகம்தான்" என்றாள் ரகசியமாக. அந்த ஒரு வார்த்தையில்தான் இருதயமேரிக்கு மூச்சு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டிய பிறகு அவள், "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"எல்லாத்தையும். பனியன், டிக்கெட்டு."

அமிர்தராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டேன். எப்பவும் வர்றவங்கதான் வந்தாங்கன்னு சொன்னீங்க."

அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு நடக்கவில்லை. சோறு வேண்டுமா, குழந்தைக்குச் சளியா என்பதோடு சரி.

ஸ்ரீரங்கம் போய்வந்த மறுநாளே சவரிராயன் வாசலில் வந்து நின்றதும் இருதயமேரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஸ்ரீரங்கத்துல ஒரு தோப்புல போய்த் தூங்குறாருண்ணே."

"யார் கூட?"

"தனியா. பாய் போட்டு."

சவரிராயன் தங்கையின் முகத்தையே பார்த்தார். "தூங்குறதுக்கு. ஸ்ரீரங்கத்துக்கு."

"ஆமாண்ணே. தூங்கினாத்தான் பலம் ஏறுதாம்."

அவர் சிரிக்கவில்லை. "உன்னையும் சரிக்கட்டிட்டான்" என்றார். "புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டே, சரி. ஆனா என்னை முட்டாளாக்காதே. அந்தத் தோப்புக்காரன் க்ளப் வெச்சிருக்கானா இல்லையா?"

"ஒரு கொட்டகை இருக்கு. ஆனா இவரு..."

"போதும்."

உண்மையைச் சொன்னதால் சந்தேகம் இன்னும் ஊறிப் பெருத்தது. அன்று சாயங்காலம் கொட்டகையில் எல்லோர் எதிரிலும் அமிர்தராஜின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார் சவரிராயன். பனியன், துண்டு, இடுப்புக்குக் கட்டும் பெல்ட், பாதி வேர்க்கடலைப் பொட்டலம். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அமிர்தராஜ் நூற்றுத் தொண்ணூறு ராத்தலை ஏற்றச் சொல்லி, தூக்கிக் காட்டினான்.

சவரிராயன் கீழே குனிந்து தட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம தட்டுதானா?"

"மாஸ்டர், நீங்களே ஏத்தினது" என்றான் ஒருவன்.

அவர் கேட்கவில்லை. தட்டுகளையும் பாரையும் கைவண்டியில் ஏற்றி, காளியாயியின் விறகுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விறகு நிறுக்கும் பெரிய தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தார்கள். தெருவில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காளியாயி முள்ளைப் பார்த்துவிட்டு, "எடை கூடத்தான் இருக்கு மாஸ்டரய்யா, கொறையல" என்றாள். "ஆளு நெசமாத்தான் தூக்கியிருக்காரு. இதுக்கு ஏன் என் கடை வேலையக் கெடுக்குறீங்க?"

யாரோ சிரித்தார்கள். சவரிராயனின் முகம் கறுத்தது. அமிர்தராஜ் அவர் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

"மச்சான், போட்டிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. நான் கொட்டகைக்கு வராத நாள்ல உங்க வீட்டுலயே இருக்கேன். நீங்களே பூட்டி வைங்க. வெளியே போனா, எதையாவது தின்னா, யாரையாவது பாத்தா, அன்னியோட என்னைக் கொட்டகையிலேருந்து நீக்கிடுங்க."

வீராப்பில் சொன்னதை சவரிராயன் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை முடிந்ததும் அமிர்தராஜ் அவர் வீட்டு முன்னறையில் கட்டிலில் படுக்க வேண்டும். எதிரே நாற்காலி போட்டு அவர் உட்காருவார். கொட்டகையை மூத்த சீடன் ஒருவனிடம் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தூங்குகிற மனிதனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அமிர்தராஜுக்குக் கொடுக்கும் காபியைக்கூட முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். எழுந்து கொல்லைப்புறம் போனால் கதவு வரைக்கும் கூடவே போவார். முதல் நாள் அமிர்தராஜுக்குக் கண்ணே மூடவில்லை. "நீங்க இப்படி முறைச்சா எப்படி மச்சான் தூங்கறது?" என்றான். "தூங்கற ஆளுக்கு நான் முறைக்கிறது எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

கொட்டகைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருதயமேரி குழந்தையோடு வந்து அண்ணியிடம் உட்கார்ந்திருப்பாள். கட்டிலில் குறட்டை விடும் கணவனையும், நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கும் அண்ணனையும் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். கூடவே, தன்னால்தான் இவன் ஒரு திருடனைப் போலக் காவலில் படுத்திருக்கிறான் என்று தோன்றும். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நான் அண்ணன்கிட்ட போயிருக்கக் கூடாது" என்றாள். அமிர்தராஜ் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, "நானும் உன்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது" என்றான். அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒர்க்‌ஷாப் கதை ஒன்றைத் தானாகவே சொல்லிச் சிரித்தான்.

டவுனில் போட்டி நடந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பகுதியில் இருதயமேரிக்குப் பக்கத்தில் ரெங்கநாயகி வந்து உட்கார்ந்தாள். அவள் கணவர் குறைந்த எடைப் பிரிவில் மூன்றாவதாக வந்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு திரைக்கு அருகே நின்றார். அமிர்தராஜ் மேடைக்கு வந்தபோது இருதயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். இரும்பு அதிரும் சத்தம், அப்புறம் ஒரு நிசப்தம், பிறகு கைதட்டல். நூற்றுத் தொண்ணூற்றைந்து. ரெங்கநாயகி அவள் தொடையில் ஓங்கி அடித்து, "தூக்கிட்டார், கண்ணைத் திறங்கோ!" என்றாள்.

அவன் முதலாவதாக வரவில்லை. கோட்டைப் பக்கத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஹபீபுல்லா இருநூற்றைந்தைத் தூக்கிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். அதில் அமிர்தராஜுக்கு வருத்தமில்லை. போன வருஷம் மூன்று தடவையும் கீழே போட்டவன்.

ஆனால் சவரிராயன் ஹபீபுல்லாவைச் சும்மா விடவில்லை. மேடையை விட்டு இறங்கினவனை மடக்கி, "தம்பி, நீங்க வாரத்துல எத்தனை நாள் செய்வீங்க?" என்றார்.

"தினமும்தான் மாஸ்டர். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது."

சவரிராயனின் முகம் மலர்ந்தது. "கேட்டுக்க மாப்ளே! தினமும்!"

"கடையைப் பூட்டிட்டு ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான்" என்று ஹபீபுல்லா தொடர்ந்தான். "அதுக்கு மேல செஞ்சா மறுநாள் கை தூக்க வராது. வாப்பா திட்டுவாங்க, தோல் கட்டு யாரு இறக்குறதுன்னு."

அமிர்தராஜும் ஸ்ரீரங்கராஜனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீரங்கராஜன் அவனிடம் என்னென்ன செய்கிறான், எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று பேரும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். வாரக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. "அல்லாவே, நாம மூணு பேரும் ஒரே வேலையத்தான் செய்யிறோமா?" என்று ஹபீபுல்லா சிரித்தான். சவரிராயன் மட்டும் சிரிக்காமல், மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டிருப்பார்களோ என்பதுபோல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

போட்டிக்குப் பிறகு கொட்டகைப் பிள்ளைகள் கூடிப் பேசி, தங்களுக்கும் வாரம் மூன்று நாள் போதும் என்றார்கள். சவரிராயன் எல்லோரும் ஆச்சரியப்படும்படி ஒத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் பாதிப் பேர் பின்னுக்குப் போனார்கள். "பாத்தியா உன் தூக்க வித்தையை" என்று அமிர்தராஜிடம் வந்து நின்றார். குரலில் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம்.

"மச்சான், அவங்க நாளைக் குறைச்சாங்க. அந்த நாள் வேலையையும் சேர்த்துக் குறைச்சுட்டாங்க. முன்னாடி ஒரு சாயங்காலத்துக்கு என்ன செஞ்சாங்களோ அதையேதான் இப்பவும் செய்யிறாங்க. பாதி வேலைக்குப் பாதிப் பலன். நான் மூணு நாள்ல முழு வாரத்தையும் முடிக்கிறேன். வந்து பக்கத்துல நின்னு பாருங்க."

சவரிராயன் நின்று பார்த்தார். ஒருநாள் இல்லை, பல நாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தூக்கலுக்கும் உதட்டை அசைத்து எண்ணினார். தான் தோற்றுப்போனதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் கொட்டகைச் சட்டம் மாறிற்று. தினமும் வந்து கொஞ்சம் செய்யலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நிறையச் செய்யலாம், அது அவரவர் இஷ்டம். வாரக் கடைசியில் வேலை முடிந்திருக்க வேண்டும். வராத நாளில் வீட்டில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. ஓய்வு என்று சொல்லிவிட்டுப் பயல்கள் சினிமாவுக்குப் போனால்? கபடி ஆடப் போனால்?

ஒருநாள் பொழுது சாயும் நேரம் இருதயமேரி வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சவரிராயன் சைக்கிளை வரிசை வரிசையாக மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"அமிர்தராஜ் எங்க?"

"உள்ள தூங்குறாரு. கூப்பிடவா?"

"வேணாம்" என்றார் சவரிராயன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து, நிஜமாகவே தூங்குகிறானா என்று குனிந்து பார்த்தார்.